பேங்க் தூங்குகிற பத்து நாள்

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுந்தவனுக்கு அது ஒரு பழக்கம். பாஸ்புக்கில் இருக்கிற பெயரை வெளியில் சொல்ல நாக்கு கூசுகிறது. அதுவும் போக, என்னைத் தவிர அவர் குடியிருந்த தெருவில் யாருக்காவது அவர் பெயர் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்தான். ஊருக்கு அவர் நர்சம்மா. எங்கள் கிளைக்குள் மட்டும் இன்னொரு பெயர் உண்டு, பத்தாந்தேதி அம்மா. அதை வைத்தவன் நான்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் கிளை. யூரியா வாசனையோடுதான் ரூபாய் எண்ணுவோம். என் இருக்கைக்கு இடப்பக்கம் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே திராட்சைப் பந்தல்கள், பந்தல்களுக்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் மேற்கு மலை. ஆனி, ஆடியில் மலையின் அந்தப் பக்கத்து மழை மேகம் உச்சியில் வந்து நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும். நானும் அதோடு சேர்ந்து யோசிப்பேன். கேஷியருக்கு ஜன்னல் கொடுக்கவே கூடாது என்று எங்கள் மேனேஜர் அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

சாரல் காலத்தில் நோட்டுகள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒருநாள் நர்சம்மாவுக்கு ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். பாதிப் படி இறங்கியவர் திரும்பி ஏறி வந்தார். நோட்டைக் கம்பி இடுக்கில் நீட்டிக்கொண்டே சொன்னார், "மேகத்தப் பாத்துக்கிட்டே எண்ணாதீக தம்பி. ஒங்க சம்பளத்துல பிடிச்சிருவாக."

அதுதான் எங்களுக்குள் முதல் பேச்சு.

கிராம நர்ஸாக மலையடிவாரத்து ஊர்களையெல்லாம் நடந்தே சுற்றியவர். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோது நான் அந்தக் கிளைக்கு வந்தேன். தடுப்பூசி மருந்து கொண்டுபோகிற நீலப் பெட்டி ஒன்று, கைப்பிடி உடைந்து கழித்துக் கட்டியது, அவரிடம் இருந்தது. கைப்பிடிக்குப் பதில் கயிறு கட்டியிருப்பார். அதற்குள்தான் அவருடைய பாஸ்புக்குகள், டெபாசிட் ரசீதுகள் எல்லாம். "எதுக்கும்மா ஐஸ் பெட்டியில?" என்று கேட்டேன். "வட்டி கெட்டுப் போயிரக் கூடாதுல்ல" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் வேடிக்கை பேசுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபட்டதில்லை.

எந்த வங்கியில் கால் சதவீதம் கூடுதல், தபாலாபீசில் ஆறு வருடம் கைவைக்காமல் இருந்தால் முடிவில் எவ்வளவு போனஸ், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். தேனிக்குப் போய் டெபாசிட் போட்டால் அரை சதவீதம் கூடுதல் என்றால், போக வர பஸ் டிக்கெட்டை அதில் கழித்துப் பார்ப்பார். மிச்சம் நின்றால் போவார். நிற்காவிட்டால், அந்தப் பக்கம் யாராவது துக்கம் கேட்கப் போகிற நாள் வரை காத்திருந்து அவர்களோடு ஜீப்பில் ஏறிக்கொள்வார்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு டெபாசிட்டில் அரை சதவீதம் கூடுதல் உண்டு. ஊரில் எல்லாரும் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இவர் மட்டும் எப்போது அறுபது ஆகும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். நிஜத்தில் தாண்டிவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் இஷ்டத்துக்கு ஒரு தேதி போட்டுவிட்டார். "ரெண்டு வருசத்தக் கொறச்சுப் போட்டாரு அந்த மனுசன். நல்லதுன்னு நெனச்சுத்தேன் போட்டிருப்பாரு. இன்னைக்கி எனக்கு அரை பர்சென்ட்டு போச்சே!" அறுபது பிறந்த அன்று காலையில் பத்து மணிக்கு, எங்களுக்கெல்லாம் சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

தேனியில் புதிதாகத் திறந்த ஒரு வங்கி, கணக்குத் தொடங்கினால் ஹாட்பாக்ஸ் தருகிறது என்று கேள்விப்பட்டுத் தொடங்கினார். ஹாட்பாக்ஸோடு ஒரு கார்டும் வந்தது. பெட்ரோல் பங்க்கில் அதைத் தேய்த்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் திரும்பக் கணக்கில் ஏறும் என்று கார்டோடு வந்த தாளில் போட்டிருந்தது. நர்சம்மாவிடம் சைக்கிள்கூடக் கிடையாது. ஒரு வாரம் யோசித்தார். பிறகு விடிகாலையில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் டீசல் போட வரிசையாக நிற்கிற நேரத்துக்கு, பங்க்குக்குப் போய் நின்றுவிட்டார். "ஏலே, காச அங்கன குடுக்காத. என் கையில குடு. நான் கார்டத் தேய்க்கிறேன்." டிரைவர்களில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார்கள். மாதம் முடிவில் நூற்று நாற்பது ரூபாய் ஏறியிருக்கிறது என்று ஸ்டேட்மெண்டைக் கொண்டுவந்து காட்டினார். போட்டி வங்கியின் ஸ்டேட்மெண்டை எங்கள் கவுண்டரில் விரித்துக் காட்டிய ஒரே ஆள் அவர்தான்.

புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இத்தனையும் யாருக்கு என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அன்று கூட்டம் இல்லை. மலையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"எத்தன பேறுகாலம் பாத்திருக்கேன் தம்பி. எடுத்துக் குளிப்பாட்டி, அவுக கையில குடுத்துட்டு, அடுத்த ஊருக்கு நடந்துருவேன். ஒண்ணு வளந்ததையும் கிட்ட இருந்து பாத்ததில்ல. இது வளருதுல்ல. மாசாமாசம் பாக்குறேன்ல."

நோட்டுக் கட்டை எடுத்து, எண்ணியதையே மறுபடி எண்ணினேன்.

இனி அந்தப் பத்தாம் தேதி சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. சேமிப்புக் கணக்குக்கு அப்போது நாள் கணக்கில் வட்டி கிடையாது. மாதத்தின் பத்தாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்ததில் எது மிகக் குறைந்த தொகையோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஒன்றாம் தேதியிலிருந்து பத்துக்குள் பணம் எங்கே போனது, எங்கே வந்தது என்று வங்கி பார்க்காது. பத்தாம் தேதி கவுண்டர் மூடுவதற்குள் திரும்பி வந்துவிட்டால், மாதம் முழுக்க அங்கேயே இருந்ததாகத்தான் கணக்கு. பெரும்பாலான ஆட்கள் இது தெரியாமல் பதினைந்தாம் தேதி கொண்டுவந்து போட்டு, இருபத்தைந்தாம் தேதி எடுத்துவிட்டு, வட்டி ஏறவில்லையே என்று எங்களோடு சண்டைக்கு வருவார்கள்.

நர்சம்மா சண்டைக்கு வரவில்லை. சந்தேகம் கேட்டார்.

"அப்ப மொதப் பத்து நாளும் பேங்கு என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதும்மா."

"தூங்குமா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்று சிரித்தேன்.

விளையாட்டாகச் சொன்ன சொல். அது அவரோடு படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. அடுத்த மாதத்திலிருந்து ஒன்றாம் தேதி வந்து பத்தாயிரம் எடுப்பார். ஒன்பதாம் தேதி, மிஞ்சினால் பத்தாம் தேதி, அதே பத்தாயிரத்தைக் கொண்டுவந்து கட்டுவார். நடுவில் அந்தப் பணம் தெருவைச் சுற்றிவிட்டு வரும். ஒரு வீட்டில் பள்ளிக்கூடப் பீஸ், ஒரு வீட்டில் சம்பளம் வருகிற வரைக்குமான அரிசி, ஒரு வீட்டில் மாட்டுக்கு வைத்தியம். வாங்கியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "என்னைய எதுக்குக் கும்பிடுற? பேங்கு தூங்கையில எடுத்துட்டு வந்தேன். முழிக்கிறதுக்குள்ள வச்சிரணும். அம்புட்டுத்தேன்." அந்தத் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள்கூட, முதல் பத்து நாள் எங்கள் கிளையின் மாடிப்படிப் பக்கம் சத்தம் போட்டால் பேங்க் எழுந்துவிடும் என்று நம்பின. ஒருநாள் ஒரு சின்னப் பெண் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு எங்கள் படியைத் தாண்டிப் போவதை நானே பார்த்தேன்.

கால் சதவீதத்துக்குத் தேனிவரை போகிறவர், அந்தப் பத்தாயிரத்தை மட்டும் மூன்றரை சதவீத சேமிப்புக் கணக்கிலேயே ஏன் விட்டுவைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. டெபாசிட்டில் போட்டால் இரண்டு மடங்கு வருமே என்றேன்.

"டெபாசிட்டு தூங்காதுல்ல தம்பி" என்றார்.

நர்சம்மாவின் எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு காலத்தில் இரண்டு ஏக்கர் பந்தல் திராட்சை இருந்தது. வெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக் குலையெல்லாம் வெடித்துப் போனது. வாங்கிய கடனுக்கு வட்டி, அந்த வட்டிக்கு வட்டி என்று போய், தோட்டம் கைமாறிவிட்டது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நேராகக் குலசாமி கோயிலுக்குப் போய், கொளுத்திய சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். இனி உயிர் போனாலும் எவர் கையிலும் ஒரு ரூபாய் கடன் வாங்குவதில்லை என்று. எங்கள் பக்கத்தில் சூடத்தை அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் பத்திரம் கிடையாது. மிச்சமிருந்தது இரண்டு பசுமாடும் ஒரே மகளும்.

அந்த மகளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. படிப்புச் செலவுக்கு எப்படியோ வழி பிறந்தது. இடித்தது விடுதிப் பணம். மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் நாலாயிரம் கட்ட வேண்டும். பால் சொசைட்டியில் பணம் போடுவதோ எட்டாம் தேதி. நடுவில் மூன்றே நாள். அந்த மூன்று நாளுக்காக முதல் மாதம் அந்தப் பெண்ணை மெஸ்ஸில் சாப்பிட விடவில்லை. நர்சம்மா பணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அந்த மனுஷன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"வேணாம்மா. நான் சூடத்த அணைச்சவன். புள்ள படிக்காட்டிப் போகட்டும். திரும்பி வந்து மாட்டப் பாக்கட்டும்."

மறுநாள் நர்சம்மா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து என் கவுண்டர் முன்னால் நிறுத்தினார். சலவை செய்த வேட்டி, கன்னத்தில் நாலு நாள் தாடி. கவுண்டர் கம்பியைத் தொடவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"தம்பி, நீங்களே அண்ணனுக்குச் சொல்லுங்க. ஒண்ணாந்தேதியில இருந்து பத்து வரைக்கும் இந்தப் பணத்துக்கு வட்டி உண்டா?"

"எடுத்தாலும் ஒண்ணுதான், எடுக்காட்டியும் ஒண்ணுதான். பத்துக்குள்ள வந்துட்டாப் போதும். யாருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லீங்கய்யா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அந்தம்மாவுக்கும் நட்டம் இல்லையே? அப்ப இது கடன் சேத்தி இல்லையே?"

"இல்லீங்கய்யா."

"சத்தியமாச் சொல்லுங்க."

"சத்தியமா" என்றேன். அன்றைக்கு அது முழு உண்மை. அவர் நாலாயிரத்தை வாங்கிக்கொண்டு, மாதம் தவறாமல் எட்டு அல்லது ஒன்பதாம் தேதி நர்சம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். பெண் மதுரையில் தொடர்ந்து படித்தாள்.

ஒரே ஒரு மாதம் தவறியது. சொசைட்டியில் பணம் போடத் தாமதம். பத்தாம் தேதி சாயங்காலம் நான் கிளையைப் பூட்டிவிட்டு அந்தத் தெரு வழியாகப் போனபோது, எதிர்வீட்டுக்காரர் கையில் பணத்தோடு நர்சம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேர்த்து ஊற்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது. "முழிச்சிருச்சாம்மா? முழிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கி பேங்கு லீவுண்ணே" என்றார் நர்சம்மா, கொஞ்சமும் தடுமாறாமல். "பத்தாந்தேதி லீவா வந்தா பதினொண்ணுதேன் கணக்கு. அந்தா தம்பியே வாராகல்ல. கேளுங்க."

பகல் முழுக்க வேலை பார்த்துக் களைத்து, சாவிக்கொத்து கையில் தொங்க நின்ற நான், ஆமாம் லீவுதான் என்று தலையாட்டினேன்.

நர்சம்மா அந்த நஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றவர் முகம் வாடிக் கிடந்தது. "நாலாயிரத்துக்கு ஒரு மாச வட்டி பதினோரு ரூவா அறுபத்தாறு காசு. போச்சு. கண்ணையே மூடல தம்பி நான்." அவருக்கு உண்மையிலேயே வலித்தது. பதினோரு ரூபாய்க்காக அப்படி வருந்துகிறவர்தான் முந்தின நாள் அப்படி ஒரு பொய்யைச் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

இரண்டாயிரத்துப் பத்தில் அந்த விதி மாறியது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லா வங்கிகளிலும் சேமிப்புக் கணக்குக்கு நாள் கணக்கில் வட்டி. அன்றன்றைக்கு எவ்வளவு இருக்கிறதோ அதற்கு அன்றன்றைக்கே. பத்தாம் தேதி என்ற பேச்சே இனி இல்லை. மேனேஜர் என்னைத்தான் தமிழில் எழுதி ஒட்டச் சொன்னார். சார்ட் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, படி ஏறியதும் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டினேன். முதலில் நர்சம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. இதைவிட நல்ல சேதி அவருக்கு வேறென்ன இருக்க முடியும்?

வந்தார். பணம் எடுக்கிற சீட்டை நீட்டினார். சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், நீலப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"அப்ப இனிமே பேங்கு தூங்கவே தூங்காதா?"

"ஒருநாளும் தூங்காதும்மா. உங்களுக்கு லாபம்தானே?"

"நாலாயிரத்த ஒம்பது நாளைக்கி எடுத்தா எம்புட்டுக் கொறையும்?"

கால்குலேட்டரைத் தட்டினேன். "மூன்றரை ரூபாய்கூட முழுசா இல்லை."

"மூணரை ரூவா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "எனக்கு அது பெருசுதேன், இல்லேங்கல. ஆனா அதில்ல தம்பி இப்ப. இத்தன நாளும் நான் குடுத்தது என் காசில்ல. அதனாலதேன் அவரு கைநீட்டி வாங்குனாரு. இனி எனக்கு மூணரை ரூவா நட்டம்னு தெரிஞ்சா வாங்க மாட்டாரு."

"அந்த மூன்றரையையும் சேர்த்துத் தரச் சொல்லிடலாமே."

"நல்லாச் சொன்னீக. வாங்குனா நான் வட்டிக்கு விடுறவ. வாங்காட்டி அவரு கடன்காரரு. ரெண்டுல எது ஆனாலும் அவரு அணைச்ச சூடம் என்ன ஆகுறது? அந்தப் புள்ளைக்கி இன்னும் பத்து மாசம் கெடக்கு."

நர்சம்மா திரும்பிப் படிப்பக்கம் பார்த்தார். அட்டையில் என் கொட்டை எழுத்து.

"அது அங்கனதேன் இருக்கணுமா?"

விதிப்படி அறிவிப்பு கிளைக்குள் இருக்க வேண்டும். இந்தச் சுவரில்தான் என்று எந்த விதியிலும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அட்டையைக் கிழியாமல் பிரித்தெடுத்து, லாக்கர் அறைக்குள் கொண்டுபோய் ஒட்டினேன். எங்கள் கிளையில் லாக்கர் வைத்திருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். மேனேஜர் பார்த்துவிட்டு, "ஏன்யா இங்க?" என்றார். "இங்கே ஈரம் இல்லை சார், எழுத்து கலையாது" என்றேன். அவர் என் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனி மாதம் நர்சம்மாவுக்குத் தேனியில் கண் ஆபரேஷன். எதிர்வீட்டுக்காரர் ஒன்பதாம் தேதி தானே பணத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். சாரலில் தலையும் தோளும் நனைந்திருந்தன. நர்சம்மாவின் கணக்கு எண்ணை ஒரு பால் சீட்டின் பின்னால் எழுதி வைத்திருந்தார். மடிப்பிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கம்பி இடுக்கில் வைத்தவர், கையை எடுக்காமல் கேட்டார்.

"தம்பி, பேங்கு இன்னும் முழிக்கலயில்ல?"

"இல்லீங்கய்யா. நாளைக்குத்தான்."

"என்னமோ சட்டமெல்லாம் மாறிருச்சுன்னு சொசைட்டியில பேசிக்கிட்டாக. எனக்குப் புரியல. அந்தம்மாவுக்கு நட்டம் ஒண்ணும் இல்லையே?" என் கண்ணையே பார்த்தார். "அன்னைக்கிச் சொன்னீகல்ல, அது மாதிரிச் சத்தியமாச் சொல்லுங்க தம்பி."

வாழ்நாளில் ஒரு பைசா கணக்குத் தவறாக எழுதியதில்லை நான். சத்தியத்தை மீறக் கூடாது என்று இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷன், பொய்ச் சத்தியத்தை என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. மேகம் பந்தல் வரைக்கும் இறங்கி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

"சத்தியமா" என்றேன்.

அவர் கையை எடுத்தார். மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ரசீதை வாங்கி, நனையாமல் பால் சீட்டோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பெண் போனாளே, அதே மாதிரி சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

நோட்டுகள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு முறை எண்ணினேன். நாலாயிரம் சரியாக இருந்தது.